கிணற்றிலிருந்து கடல்வரை: நீர் வெப்பத்தைச் சேமிக்கும் விதத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறை

கிணற்றுத் தண்ணீர் விடியற்காலையில் வெதுவெதுப்பாகவும் உச்சிவெயிலில் சில்லென்றும் இருக்கும் என்பது கிணறுள்ள ஊரில் வளரும் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. நீர் வெப்பத்தைச் சேமிக்கும் பாடத்தை நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். காலையில் சூடாக இருந்த தண்ணீர் மதியம் குளிர்ந்துபோவது ஏன் என்று கேட்டால், இரவில் பூமிக்குள்ளிருந்து சூடு மேலே வருகிறது என்பது முதல் பலவிதமான விடைகள் கிடைக்கும். எதையும் மறுத்துப் பேசாமல், ஒரு வெப்பநிலைமானியையும் குறிப்பேட்டையும் கொடுத்து, மறுநாள் காலை ஆறு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் ஒரு வாளி நீர் இறைத்த கையோடு அளந்து, நிழலில் காற்றின் வெப்பநிலையையும் பக்கத்திலேயே எழுதிவரச் சொல்ல வேண்டும். ஒரு தை மாதத்தில் என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கொண்டுவந்த கணக்கு இது: காலையில் காற்று 20 டிகிரி செல்சியஸ், கிணற்று நீர் 27, பிற்பகலில் காற்று 30, கிணற்று நீர் அதே 27. அளந்த மாணவி, தான் எங்கோ பிழை செய்துவிட்டதாக எண்ணி இன்னொரு வாளி இறைத்து மறுபடியும் அளந்திருக்கிறாள்.

மாறியது காற்றும் அந்தக் காற்றுக்குப் பழகிய நம் தோலும்தான் என்பதைப் பிள்ளைகள் தாமே சொல்லிவிடுவார்கள். உடனே ஒருவராவது, கிணற்றுக்குள் வெயில் படாது, சுற்றிலும் மண் மூடியிருக்கிறது, அதனால்தான் மாறவில்லை என்று சொல்லக்கூடும். அது சரியான எதிர்வாதம். அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் நாள் முழுவதும் வெயிலில் கிடக்கும் பெரிய ஏரியும் குளமும்கூட, கரையிலுள்ள மண்ணோடு ஒப்பிட்டால், இரவுக்கும் பகலுக்கும் மிகக் குறைவாகவே மாறுகின்றன. மார்கழி விடியலில் குளத்தின் மேல் புகைபோல ஆவி எழுவதைப் பார்த்த பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் அவர்களைப் பேச விட வேண்டும். காற்று குளிர்ந்துவிட்டது, நீர் இன்னும் குளிரவில்லை என்பதை அந்த ஆவி கண்ணுக்குக் காட்டுகிறது.

இந்தப் பாடத்தைப் பலரும் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள் என்பது என் கருத்து. நீர் மெதுவாகச் சூடேறும் என்பதைக் காட்டியதும் மணி அடித்துவிடுகிறது. சூடேறிய நீர் மெதுவாகவே ஆறும், உள்ளே வாங்கியதை நேரம் கழித்துத் திருப்பித் தரும் என்ற மறுபாதியைக் காட்டினால்தான் சேமிப்பு என்ற சொல்லுக்குப் பொருள் வரும். கடற்காற்றும் பருவமழையும் புயலும் அந்த மறுபாதியில்தான் இருக்கின்றன. ஆகவே கீழே சொல்லும் ஒவ்வொரு சோதனைக்கும், சூடேற்றுவதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறீர்களோ அவ்வளவு நேரத்தை ஆறுவதற்கும் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

வெப்பமும் வெப்பநிலையும்

சோதனைக்கு முன் ஒரு சொற்சிக்கலைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பேச்சுத் தமிழில் சூடு என்ற ஒரே சொல்லால் இரண்டு பொருளைக் குறிக்கிறோம். தேநீர் சூடாக இருக்கிறது என்றால் வெப்பநிலையைச் சொல்கிறோம். அடுப்பிலிருந்து சூடு வருகிறது என்றால் வெப்பத்தைச் சொல்கிறோம். பாடநூலில் இரண்டும் தனித்தனிச் சொற்களாக வந்தாலும் பிள்ளைகளின் மனத்தில் அவை ஒன்றாகவே கிடக்கின்றன. இதைப் பிரிக்காமல், ஒரு கிராம் பொருளை ஒரு டிகிரி உயர்த்த ஆகும் வெப்பத்தைக் குறிக்கும் தன்வெப்ப ஏற்புத்திறன் என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதினால், அது மனப்பாடம் செய்யவேண்டிய இன்னொரு சொல்லாகவே நின்றுவிடும்.

இதற்கு நான் பயன்படுத்துவது ஒரு குறுகலான கண்ணாடிப் புட்டியும் ஓர் அகன்ற பிளாஸ்டிக் பேசினும். இரண்டிலும் ஒரு டம்ளர் நீரை ஊற்றச் சொல்லி, ஒவ்வொன்றிலும் நீர்மட்டம் எவ்வளவு உயர்ந்தது என்று அளவுகோலால் அளக்கச் சொல்வேன். புட்டியில் ஒரு சாண் ஏறியிருக்கும். பேசினில் நகக்கண் அளவுகூட ஏறியிருக்காது. ஊற்றிய நீர் வெப்பம், உயர்ந்த மட்டம் வெப்பநிலை என்று சொன்னால் நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிகிறது. மணலும் இரும்பும் குறுகிய புட்டியைப் போன்றவை; கொஞ்சம் வெப்பம் சேர்ந்தாலும் மட்டம் சட்டென்று ஏறும், கொஞ்சம் எடுத்தாலும் சட்டென்று இறங்கும். தண்ணீர் அகன்ற பேசினைப் போன்றது. பேசினிலும் ஒரு சாண் உயர வேண்டுமானால் எத்தனை டம்ளர் ஊற்ற வேண்டும் என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். அத்தனை டம்ளரும் பிறகு வெளியே எடுக்கக் கிடைக்கும் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

வெப்பம் ஒரு திரவமன்று, இது கணக்கைப் புரிந்துகொள்வதற்கான உவமை மட்டுமே என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது. வெப்பத்தை ஒருவகைப் பாய்பொருளாக அறிஞர்களே கருதிய காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில்தான், 1760-களில், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜோசப் பிளாக் என்பவர் ஒரே அளவு வெப்பம் வெவ்வேறு பொருள்களில் வெவ்வேறு அளவு வெப்பநிலை உயர்வைத் தரும் என்பதைத் தெளிவுபடுத்தினார்.

மணலும் நீரும்

ஒரே அளவும் ஒரே நிறமும் உள்ள இரண்டு பிளாஸ்டிக் கிண்ணங்கள், 300 கிராம் உலர்ந்த மணல், 300 கிராம் தண்ணீர், ஆய்வகத்தில் பயன்படும் சாராய வெப்பநிலைமானிகள் இரண்டு ஆகியவை போதும். காய்ச்சல் பார்க்கும் வெப்பநிலைமானியை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. அது 42 டிகிரிக்கு மேல் அளக்காது என்பதோடு, பழைய பாதரச வகையாக இருந்தால் சூட்டில் வெடித்துப் பாதரசம் சிந்தும் ஆபத்தும் உண்டு. இரண்டு கிண்ணங்களையும் முந்தைய இரவே ஓர் அறையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் இரண்டும் ஒரே வெப்பநிலையில் தொடங்கும். எடை சமமாக இருக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளே நிறுத்துப் பார்த்து உறுதி செய்யட்டும். எண்ணெயிலிருந்து எடுத்த அப்பளம் நொடியில் ஆறிவிடுகிறது, ரசம் ஆறுவதில்லை என்று யாராவது எடுத்துக்காட்டுச் சொன்னால், அப்பளத்தின் எடை என்ன, ரசத்தின் எடை என்ன என்று திருப்பிக் கேட்கலாம். எது நியாயமான ஒப்பீடு என்ற கேள்வி இந்தச் சோதனையிலேயே பிடிபட்டுவிட வேண்டும்.

காலை பத்து மணிக்கு இரண்டையும் வெயிலில் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் குறிக்க வேண்டும். பதினோரு மணிக்கு இரண்டையும் நிழலுக்கு மாற்றி, இன்னொரு மணி நேரம் அதேபோலக் குறிக்க வேண்டும். ஒரு சித்திரை மாதத்தில் எங்களுக்குக் கிடைத்தது: 31 டிகிரியில் தொடங்கிய மணல் 49 வரை ஏறியது, நீர் 37-ஐத்தான் எட்டியது. நிழலுக்கு வந்து அரை மணியில் மணல் 36-க்கு இறங்கிவிட்டது. நீர் 35-இல் நின்றது. வரைபடத் தாளில் இரண்டு கோடுகளையும் வரைந்தால், ஒன்று மலைபோலவும் மற்றொன்று வயல்வரப்பு போலவும் இருக்கும்.

இந்தச் சோதனையை முதன்முதலாகச் செய்தபோது எனக்கு நேர்மாறான விடை கிடைத்தது. மணல் வைத்த கிண்ணத்தில் வெப்பநிலை நீரைவிடக் குறைவாகக் காட்டியது. பிள்ளைகள் எழுதியிருந்த எண்களைத் திருத்தச் சொல்ல வாயெடுத்தேன். அப்போது ஒரு மாணவன் மணலின் மேல் உள்ளங்கையை வைத்துவிட்டு, மேலே கொதிக்கிறது, விரலை உள்ளே விட்டால் சூடே இல்லை என்றான். வெப்பநிலைமானியின் குமிழைக் கிண்ணத்தின் அடிவரை புதைத்திருந்தோம். உலர்ந்த மணல் வெப்பத்தை எளிதில் உள்ளே கடத்தாது. வெயிலின் வெப்பம் முழுவதும் மேலே ஒரு விரற்கடை கனத்தில் தங்கிவிடுகிறது. ஆகவே குமிழை மணலின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, மணல் மூடும் அளவுக்கு மட்டும் வைக்க வேண்டும்.

அந்தத் தவறு எனக்குப் பாடத்தின் முக்கியமான பகுதியைக் கற்றுக்கொடுத்தது. நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள வேறுபாட்டுக்குத் தன்வெப்ப ஏற்புத்திறன் ஒன்று மட்டும் காரணமன்று. நிலத்தில் வெயிலின் வெப்பம் மெல்லிய தோல்போன்ற மேலடுக்கில் குவிகிறது. நீரில் வெளிச்சம் பல மீட்டர் ஆழம் வரை ஊடுருவுகிறது. அலையும் காற்றும் மேல்நீரைக் கலக்கிக் கலக்கி வெப்பத்தைப் பல பத்து மீட்டர் ஆழம்வரை கீழே கொண்டுசெல்கின்றன. இவற்றோடு மேற்பரப்பு நீர் ஆவியாகும்போதும் பெருமளவு வெப்பம் செலவாகிறது. இந்த நான்கும் சேர்ந்துதான் கடலைக் கடலாக வைத்திருக்கின்றன. கிண்ணச் சோதனையிலும் இவை கலந்தே இருப்பதால், இதை வைத்துக்கொண்டு நீரின் தன்வெப்ப ஏற்புத்திறன் நிறுவப்பட்டது என்று பிள்ளைகளிடம் சொல்வது நேர்மையாகாது. அதற்குத் தனியாக ஒரு சோதனை இருக்கிறது.

எடைக்கல் சோதனை

மளிகைக் கடையில் பயன்படும் 200 கிராம் இரும்பு எடைக்கல் ஒன்றும், வெப்பம் எளிதில் வெளியேறாத தெர்மோகோல் கோப்பைகள் சிலவும் வேண்டும். வெந்நீரைக் கையாளும் வேலையைப் பெரியவர்தான் செய்ய வேண்டும். முதலில் 30 டிகிரியிலுள்ள 200 மில்லி நீரில் 80 டிகிரியிலுள்ள 200 மில்லி நீரை ஊற்றினால் என்ன வெப்பநிலை வரும் என்று பிள்ளைகளைக் கேட்டு, ஒவ்வொருவரும் தம் விடையை எழுதிய பிறகே ஊற்ற வேண்டும். நடுவில் 55 வரும் என்று பெரும்பாலோர் சொல்வார்கள். கோப்பையும் காற்றும் கொஞ்சம் எடுத்துக்கொள்வதால் 53, 54 என்று வரும்.

இப்போது எடைக்கல்லை நூலில் கட்டி, 80 டிகிரி வெந்நீரில் பத்து நிமிடம் முழுவதும் மூழ்க வைத்து, வெளியே எடுத்து ஒரு துணியால் சட்டென்று ஒற்றி, 30 டிகிரியிலுள்ள 200 மில்லி நீரில் இறக்க வேண்டும். அதே எடை, அதே 80 டிகிரி. மறுபடியும் 55 வரும் என்று எழுதியவர்கள், வெப்பநிலைமானி 35-ஐ ஒட்டி நின்றுவிடுவதைப் பார்த்ததும் எடைக்கல் சரியாகச் சூடாகவில்லை என்று சொல்வார்கள். இன்னொரு முறை செய்து காட்டுங்கள். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி உயர்த்த 4.18 ஜூல் வேண்டும், இரும்புக்கு 0.45 ஜூல் போதும், உலர்ந்த மணலுக்கு ஏறக்குறைய 0.8. இரும்பு 45 டிகிரி இறங்கிக் கொடுத்த வெப்பம் அத்தனையும் நீரை ஐந்து டிகிரிதான் உயர்த்த முடிந்தது. எட்டாம் வகுப்புக்கு மேற்பட்டவர்கள் இந்தக் கணக்கைத் தாமே போட்டு 34.9 என்ற விடைக்கு வந்துவிடுவார்கள். அளந்ததும் கணக்கிட்டதும் ஒத்துவரும் அந்த நேரத்தில் ஆசிரியர் பேசாமல் இருப்பது நல்லது.

வீட்டில் இதற்கு ஒரு சான்று உண்டு. வலிக்கு உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பவர்கள் சில நிமிடத்துக்கு ஒருமுறை அதை மறுபடி வாணலியில் காட்ட வேண்டியிருக்கிறது. வெந்நீர்ப் பையோ வெகுநேரம் சூடாக இருக்கிறது. அது ஏன் என்று பாட்டியிடம் கேட்டு வரச் சொன்னால், பாடம் வீடுவரை போகும்.

நீருக்கு மட்டும் ஏன் இந்தத் தன்மை என்று கேட்கும் பிள்ளைகளுக்கு, நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொண்டிருக்கின்றன, கொடுக்கும் வெப்பத்தில் ஒரு பகுதி அந்தப் பிடியைத் தளர்த்துவதிலேயே செலவாகிறது, மீதிதான் மூலக்கூறுகளின் வேகத்தைக் கூட்டி வெப்பநிலையாகத் தெரிகிறது என்று சொல்லலாம். சிறு வகுப்புகளுக்கு இது தேவையில்லை.

ஆவியில் ஒளிந்திருக்கும் வெப்பம்

ஒரு சிறு பாத்திரத்தில் 100 மில்லி நீரை மின்னடுப்பில் வைத்து, அது கொதிக்கத் தொடங்க எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்து, அடுப்பின் அளவை மாற்றாமல் பாதி நீர் வற்ற எத்தனை நிமிடம் ஆகிறது என்றும் குறிக்க வேண்டும். 30 டிகிரியிலிருந்து 100-க்குக் கொண்டுவர கிராமுக்கு 70 கலோரி (ஒரு கலோரி 4.18 ஜூல்) செலவாகிறது. 100 டிகிரியிலேயே ஆவியாக்க 540 கலோரி. ஆகவே பாதி வற்றுவதற்கே கொதிவர ஆன நேரத்தைப்போல நான்கு மடங்கு பிடிக்கும். அந்த நேரம் முழுவதும் வெப்பநிலை ஒரு டிகிரியும் ஏறுவதில்லை. அவ்வளவு வெப்பமும் எங்கே போயிற்று என்ற கேள்வியைக் கரும்பலகையில் எழுதி அப்படியே விட்டுவையுங்கள். புயலைப் பற்றிப் பேசும்போது அதற்கு விடை வரும்.

மண்பானை நீர் குளிர்வது இந்த ஆவியாதலால்தான், நீர் வெப்பத்தைச் சேமிப்பதால் அல்ல என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். வறண்ட காற்றுள்ள வேலூரில் பானைத் தண்ணீர் நன்றாகக் குளிர்வதும், ஈரக்காற்றுள்ள கடலோரத்தில் அவ்வளவாகக் குளிராததும் பிள்ளைகள் சோதித்துப் பார்க்கத்தக்க செய்தி.

கடற்காற்றை வகுப்பறைக்குக் கொண்டுவருதல்

ஒரு காலி மீன்தொட்டியின் ஒரு பக்கத்தில் வாணலியில் சூடாக்கிய மணல் நிறைந்த தட்டையும், மறுபக்கத்தில் பனிக்கட்டி மிதக்கும் நீருள்ள தட்டையும் வைத்து, நடுவில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி நிறுத்தி, சிறிது இடைவெளி விட்டுக் கண்ணாடியால் மூட வேண்டும். மின்விசிறியை நிறுத்தி, சன்னலையும் சாத்தியிருக்க வேண்டும். பின்னால் ஒரு கறுப்புத் தாளை ஒட்டிவைத்தால் புகை தெளிவாகத் தெரியும். அடியிலுள்ள புகை நீரின் பக்கத்திலிருந்து மணலின் பக்கம் சாய்ந்து, மணலின் மேலே எழும்பி, மேற்பகுதியில் திரும்பி நீரை நோக்கி வரும். சூடான நிலத்தின் மேல் காற்று இலேசாகி எழ, அந்த இடத்தை நிரப்பக் கடலின் மேலுள்ள குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. பிறகு வெறும் தட்டில் பனிக்கட்டியையும், நீர்த்தட்டில் வெதுவெதுப்பான நீரையும் வைத்து மறுபடி செய்தால் புகை எதிர்த்திசையில் போகும். இது இரவின் நிலக்காற்று. பாய்மரக் காலத்தில் மீனவர்கள் விடியலுக்கு முன் நிலக்காற்றோடு கடலுக்குள் போய், பகலில் கடற்காற்றோடு கரைக்குத் திரும்பியதை இந்த இடத்தில் சொல்ல வேண்டும்.

கடற்கரைக்கு அழைத்துச்செல்ல முடிந்தவர்கள் ஒரே நாளில் இருமுறை, விடியற்காலையிலும் நண்பகலிலும் போக வேண்டும். ஒருமுறை மட்டும் போனால் பாதிப் பாடந்தான் கிடைக்கும். நண்பகலில் செருப்பில்லாமல் மணலில் நான்கடி வைத்ததும் பிள்ளைகள் அலையை நோக்கி ஓடுவார்கள். விடியலில் அதே மணல் சில்லிட்டிருக்கும், அலை வெதுவெதுப்பாக வந்து காலைத் தொடும். கணுக்காலுக்கு மேல் நீரில் இறங்கவிடக் கூடாது என்பதையும், பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவராவது இருக்க வேண்டும் என்பதையும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

போக முடியாதவர்களுக்கு நாளிதழ் போதும். சென்னையில் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் என இரண்டு இடங்களின் வெப்பநிலையை வானிலை ஆய்வு மையம் தருகிறது. நுங்கம்பாக்கம் கடலுக்கு அருகில் உள்ளது. மீனம்பாக்கம் சற்று உள்ளே தள்ளி உள்ளது. வேலூரையும் சேர்த்து மூன்று ஊர்களின் அதிக, குறைந்த வெப்பநிலைகளை ஒரு மாதம் எழுதி வரச் சொல்லுங்கள். கடலிலிருந்து உள்ளே போகப் போக மே மாதப் பகல் கூடுதலாகச் சுடுவதையும், தை மாத இரவு கூடுதலாகக் குளிர்வதையும் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். சென்னையும் வேலூரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருப்பதால் இந்த ஒப்பீடு நியாயமானது. உதகையைச் சேர்க்கக் கூடாது. 2,200 மீட்டருக்கு மேல் உயரத்திலுள்ள ஊரின் குளிருக்குக் காரணம் வேறு. டெல்லியும் அட்சரேகையால் வேறுபடுகிறது.

கத்திரி வெயில் நாள்களில் பட்டியல் இன்னும் சுவையாகும். வழக்கமாக நண்பகலை ஒட்டிக் கடற்காற்று ஊருக்குள் நுழைந்ததும் சென்னையின் வெப்பநிலை ஏறுவதை நிறுத்திவிடும். மேற்கிலிருந்து வரும் வறண்ட தரைக்காற்று வலுவாக இருக்கும் நாளில் கடற்காற்று வெகுநேரம் தாமதமாகும். அன்றுதான் 40 டிகிரியைத் தாண்டும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. கடற்காற்று எத்தனை மணிக்கு வந்தது என்பதை மொட்டை மாடியில் ஒரு துணிக்கொடி கட்டிக் குறித்துவைத்து, அன்றைய அதிக வெப்பநிலையோடு ஒப்பிடுவதைவிட நல்ல வீட்டுப்பாடம் எனக்குத் தெரியவில்லை. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், மேற்கு கோடை, கிழக்கு கொண்டல் என்று நம் முன்னோர் வைத்த பெயர்களையே அந்தக் குறிப்பேட்டில் எழுதச் சொல்வது என் வழக்கம். கோடை என்ற சொல் காற்றுக்கும் வெயில் காலத்துக்கும் சேர்ந்து வழங்குவது தற்செயலன்று என்பதைப் பட்டியல் காட்டிவிடும்.

பருவமழையும் புயலும்

நிலமும் கடலும் வெவ்வேறு வேகத்தில் சூடேறுவதே பருவக்காற்றுக்குக் காரணம் என்று இங்கிலாந்தைச் சேர்ந்த எட்மண்ட் ஹாலி 1686-இல் எழுதினார். பருவக்காற்று ஒரு பெரிய கடற்காற்று என்று நடுநிலை வகுப்புவரை சொல்வதில் தவறில்லை. அதற்கு மேல் அது போதாது. நிலம் மிக அதிகமாகச் சூடேறியிருப்பது மே மாதத்தில். நாட்டின் பெரும்பகுதியில் நன்றாக மழை பெய்வது ஜூலையில், நிலம் குளிர்ந்த பிறகு. இந்த முரணைச் சுட்டிக்காட்டி, சூரியனோடு வடக்கும் தெற்குமாக நகரும் மழைமேகப் பட்டையின் இடப்பெயர்ச்சியாகவே பருவமழையைப் பார்க்க வேண்டும் என்று இந்திய வானிலை அறிவியலாளர் சுலோசனா காட்கில் விரிவாக எழுதியிருக்கிறார். உயர்நிலை வகுப்பில் இந்த முரணை முதலில் கேள்வியாக வைத்து, பிறகு இந்த விளக்கத்துக்கு வரலாம்.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு வடகிழக்குப் பருவமழையைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அதில்தான் கிடைக்கிறது. ஐப்பசியில் வடஇந்தியாவின் நிலம் விரைவாகக் குளிர்கிறது. வங்கக்கடலோ கோடையில் வாங்கிய வெப்பத்தை இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறது. சென்னையை ஒட்டிய கடலின் மேற்பரப்பு ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 26 டிகிரிக்கும் 30 டிகிரிக்கும் இடையிலேயே இருக்கிறது. வடகிழக்கிலிருந்து வரும் காற்று அந்த வெதுவெதுப்பான கடலின் மேல் வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு நம் கரையில் கொட்டுகிறது. கிண்ணச் சோதனையின் வரைபடத்தை இப்போது மறுபடி எடுத்துக் காட்டுங்கள். நிழலுக்கு மாற்றிய பிறகு நீரின் கோடு அதிகம் இறங்காமல் நின்ற அந்த அரை மணி நேரம்தான் ஐப்பசி, கார்த்திகை.

புயல் உருவாகக் கடலின் மேற்பரப்பு 26.5 டிகிரிக்கு மேல், கணிசமான ஆழம்வரை சூடாக இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. கடலிலிருந்து எழும் ஆவி மேலே போய் மழைத்துளியாகும்போது, ஆவியாக்கச் செலவான வெப்பம் முழுவதும் காற்றுக்குள் வெளிப்பட்டு அதை இன்னும் மேலே தள்ளுகிறது. கரும்பலகையில் விட்டுவைத்த கேள்விக்கு விடை இதுதான். கரையேறியதும் புயல் வலுவிழப்பதற்கு முக்கியக் காரணம், அடியிலிருந்து கிடைத்துவந்த ஆவி நின்றுபோவது.

உலக அளவில் ஒரு கணக்கு

ஒரு சதுர மீட்டர் நிலத்தின் மேல், வானத்தின் உச்சிவரை உள்ள காற்றின் நிறை ஏறக்குறைய 10 டன். ஒரு கிலோ காற்றைச் சூடாக்க ஆகும் வெப்பம், ஒரு கிலோ நீருக்கு ஆவதில் நான்கில் ஒரு பங்கு. அப்படியானால் அந்தக் காற்று முழுவதையும் ஒரு டிகிரி உயர்த்தும் வெப்பம் எத்தனை டன் நீரை ஒரு டிகிரி உயர்த்தும்? இரண்டரை டன். ஒரு சதுர மீட்டர் பரப்பில் இரண்டரை டன் நீர் என்பது இரண்டரை மீட்டர் ஆழம், ஆறடியை ஒரு பாகம் என்னும் மீனவர் கணக்கில் ஒன்றரைப் பாகத்துக்கும் குறைவு. கடலின் சராசரி ஆழமோ 3,700 மீட்டர் அளவில் இருக்கிறது. இந்தக் கணக்கை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே போட்டுவிடலாம். நான் சொல்லிக்கொடுப்பவற்றில் அவர்கள் வெகுகாலம் நினைவில் வைத்திருப்பது இதைத்தான்.

பசுங்குடில் வாயுக்களால் புவியில் கூடுதலாகத் தங்கிவிடும் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் கடலுக்குள் போயிருக்கிறது என்ற செய்தி இந்தக் கணக்குக்குப் பிறகு வியப்பாக இராது. அதை அளப்பதற்கு ஏறக்குறைய 4,000 ஆர்கோ மிதவைகள் உலகக் கடல்களில் மிதக்கின்றன; ஒவ்வொன்றும் 2,000 மீட்டர் ஆழம்வரை இறங்கி, பத்து நாளுக்கு ஒருமுறை மேலே வந்து செயற்கைக்கோள் வழியாகத் தன் அளவீடுகளை அனுப்புகிறது. ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையமும் இந்தப் பணியில் பங்கு கொண்டிருக்கிறது. கிணற்றில் வாளி இறைத்து அளந்த பிள்ளைகளுக்கு, உலகமே சேர்ந்து அதே வேலையைச் செய்கிறது என்று சொல்லலாம். கடல் சூடேறுவது பவளங்களை வெளிறச் செய்கிறது. மன்னார் வளைகுடாவில் 2016-இல் அப்படி நேர்ந்தது.

கடைசியாக ஒரு சோதனை. அரை லிட்டர் கண்ணாடிப் புட்டியில் சாயம் கலந்த நீரைக் காற்றுக்குமிழ் இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, ஒளி ஊடுருவும் உறிஞ்சுகுழாய் ஒன்றை வாயில் செருகி, இடைவெளியை மெழுகால் நன்றாக அடைத்து, குழாயில் நீர் நிற்கும் இடத்தில் மைக்கோடு போட வேண்டும். புட்டியை வெதுவெதுப்பான நீரில் வைத்து உள்ளிருக்கும் நீர் பத்து டிகிரி உயர்ந்தால், குழாயில் நான்கு விரற்கடை அளவுக்கு நீர் ஏறும். கடல்மட்டம் உயர்வதற்குப் பனி உருகுவது மட்டுமே காரணம் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு, சூடேறிய நீரே விரிந்து இடத்தை அடைப்பதை இது காட்டும். பிளாஸ்டிக் புட்டி உப்பிக்கொள்ளும் என்பதால் கண்ணாடிதான் வேண்டும். ஏறியதைப் பார்த்ததும் சோதனையைக் கலைத்துவிடாமல், புட்டியை வெந்நீரிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்து, நீர் பழைய கோட்டுக்கு இறங்கி வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதட்டும்.